இசைத் தொடருக்குப் பாட்டு எங்கிருந்து வர வேண்டும்? நான்கு வழிகளும் ஒரு தேர்வும்

பாத்திரங்கள் பாடுகிற தொலைக்காட்சித் தொடர் ஒன்றைத் திட்டமிடுகிறவர், நடிகர் தேர்வுக்கும் முன்பாக ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்: பாட்டு எங்கிருந்து வரப்போகிறது? ஊரறிந்த பாட்டுகளுக்கு உரிமம் பெற்று, நடிகர்களை மறுபடி பாடவைக்கலாம். பாடலாசிரியர்கள் ஏற்கெனவே எழுதி, எவரும் பதிவு செய்யாமலோ அதிகம் பரவாமலோ இருக்கும் பாட்டுகளிலிருந்து பொறுக்கியெடுக்கலாம். மேடை இசை நாடகத்தில் தேர்ந்தவர்களிடம் கதையைக் கொடுத்து எழுதி வாங்கலாம். அல்லது, திரைக்கதை உருவாகும் அறையிலேயே பாட்டெழுதுகிறவர்களையும் உட்காரவைத்து, வசனமும் பாட்டும் ஒரே இடத்தில் பிறக்கும்படி செய்யலாம். இந்த நான்கு வழிகளும் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2009க்கும் 2019க்கும் இடைப்பட்ட காலத்தில் முழு அளவில் நடத்திப் பார்க்கப்பட்டவை. ஆகவே ஊகங்களை ஒதுக்கிவிட்டு, நடந்தவற்றை வைத்தே ஒப்பிட முடிகிறது.

செலவையும் புகழையும் கொண்டு தொடங்குவதே வழக்கம். நான் அவற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறேன். முதலில் கேட்க வேண்டியது, கதைக்குள் இந்த ஆள் ஏன் பாடுகிறார் என்பதுதான். அவர் மேடையில் பிறர் பாட்டைப் பாடுகிறவராக இருக்கலாம். பாட்டெழுதிப் பிழைப்பவராக இருக்கலாம். அல்லது அந்தப் பாட்டு வேறு யார் காதிலும் விழாமல் அவருடைய மனத்துக்குள் மட்டும் ஒலிப்பதாக இருக்கலாம். இந்த மூன்றில் எது என்பதை முடிவு செய்துவிட்டால், நான்கு வழிகளில் குறைந்தது இரண்டு தாமாகவே விலகிவிடும்.

பழைய பாட்டுகளை எடுத்தாளும் வழியை அதன் உச்சத்துக்குக் கொண்டுபோனது ஃபாக்ஸ் சேனலில் 2009 மே 19 அன்று தொடங்கிய க்ளீ. ஓஹியோ மாநிலத்து லைமா என்ற ஊரில், ஒரு பள்ளிக்கூடச் சேர்ந்திசைக் குழுவைச் சுற்றி நடக்கும் கதை அது. பாடல் போட்டிக்குத் தயாராகும் மாணவர்கள் பிறர் பாட்டைப் பாடுவது உலகியல்பு என்பதால், அங்கே காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. முதல் எபிசோடின் முடிவில், ஜர்னி குழுவின் 1981ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றை அவர்கள் பாடும்போது, காட்சி தொடவேண்டிய உணர்ச்சியில் பாதியைப் பார்வையாளரின் நினைவே கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. இந்த வழியின் பெரிய வரவு இதுதான். வணிகத்திலும் அது பலித்தது: அமெரிக்காவின் வாராந்திர வெற்றிப் பாட்டுப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100இல் இடம்பெற்ற பாட்டுகளின் எண்ணிக்கையில் அந்தத் தொடர் 2011 பிப்ரவரியில் எல்விஸ் பிரெஸ்லியைத் தாண்டியது, இறுதிக் கணக்கு 207.

ஆனால் கடன் வாங்கிய பாட்டு தனக்கென ஒரு பொருளோடுதான் வருகிறது. அது சொல்வதும் பாத்திரம் சொல்லவேண்டியதும் பொருந்தாத இடங்களில் வளைந்து கொடுப்பது எப்போதும் கதையே. க்ளீயின் பிற்பட்ட சீசன்களில், பாட்டை முதலில் தேர்ந்துவிட்டு அதற்கேற்பச் சண்டையையும் காதலையும் மூட்டியதுபோன்ற எபிசோடுகள் கணிசம். பழைய பாட்டையே நம்பி அந்தச் சிக்கலில் சிக்காதவர், பிரிட்டனில் பிபிசிக்காக எழுதிய டென்னிஸ் பாட்டர். 1978இல் வந்த பென்னீஸ் ஃப்ரம் ஹெவன் தொடரிலும் 1986இல் வந்த தி சிங்கிங் டிடெக்டிவ் தொடரிலும், நடிகர்கள் தம் குரலில் பாடாமல், பழைய இசைத்தட்டுகளுக்கு வாயசைத்தார்கள். வாழ்க்கை ஒன்றும் பாட்டு வேறொன்றுமாக இருக்கும் பொருத்தமின்மையையே அவர் பொருளாக்கிக்கொண்டார். அந்த அளவுக்குத் துணிய முடியாதவர்கள், கடன் பாட்டு எந்த இடத்தில் போதாமல் போகிறது என்பதை முன்கூட்டியே அறிந்துவைத்திருப்பது நல்லது.

க்ளீ தானே அந்த இடத்துக்கு வந்துசேர்ந்தது. 2011 மார்ச் 15 அன்று ஒளிபரப்பான இரண்டாம் சீசனின் 16ஆம் எபிசோடு, சொந்தப் பாட்டு என்பதையே தலைப்பாகக் கொண்டது. போட்டியில் பாட நினைத்திருந்த பாட்டுக்குத் தடைக் கடிதம் வந்துவிட, சொந்தமாக எழுத வேண்டும் என்று முன்பிருந்தே வற்புறுத்தி வந்த முன்னணிப் பாடகி ரேச்சலின் யோசனைக்குக் குழு இணங்குகிறது. உரிமம் என்னும் தயாரிப்பாளரின் தலைவலியைக் கதைக்குள்ளேயே முடிச்சாகப் போட்டது நல்ல தந்திரம். மாணவர்கள் எழுதிவரும் முதல் முயற்சிகள் எல்லாம் சிரிப்புக்கிடமானவை: சன்டானா, சாம் என்னும் பையனின் பெரிய உதடுகளைப் பற்றிப் பாடுகிறாள்; ரேச்சலின் ஆரம்பகாலப் பாட்டுகளோ தன் தலைப்பட்டையைப் பற்றியும் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்ததைப் பற்றியும். பிறகு, பிறர் தங்களை இழிவுபடுத்திய தருணங்களைத் தொகுத்து, 'லூசர் லைக் மீ' என்ற பாட்டைக் குழு சேர்ந்து எழுதுகிறது. பள்ளியில் தங்கள் முகத்தில் வீசப்பட்டு வந்த பனிப்பானக் கோப்பைகளை மேடைக்குக் கொண்டுவந்து, அவற்றிலிருந்து வண்ணக் காகிதத் துணுக்குகளை அவையின்மீது வீசுகிறார்கள். அவமானத்தின் கருவியைக் கொண்டாட்டத்தின் கருவியாக்கிய அந்தக் காட்சி, தொடரின் சிறந்த காட்சி முடிவுகளுள் ஒன்று.

பாட்டோ வேறு கதை. அதை எழுதியவர்களில், தொடரின் இசைத் தயாரிப்பாளரான ஆடம் ஆண்டர்ஸுடன், பிரிட்னி ஸ்பியர்ஸ் முதலியோருக்குப் பெரும் வெற்றிப் பாட்டுகளைத் தந்த ஸ்வீடன்காரரான மேக்ஸ் மார்ட்டினும் இருந்தார். ஒதுக்கப்பட்ட பள்ளிப் பிள்ளைகள் எழுதியதாகச் சொல்லப்படும் பாட்டை, உலகின் மிக வெற்றிகரமான பாப் பாட்டுக் கைகளில் ஒன்று எழுதியது. ஹாட் 100இல் அது ஆறாம் இடம் பெற்றதில் வியப்பில்லை. ஆனால் அந்த வரிகளைத் தொடரிலிருந்து பிரித்தெடுத்து வேறு எந்த இளம் பாடகரிடம் கொடுத்தாலும், ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிராது. சன்டானாவின் கேலிப் பாட்டை அப்படிக் கொடுக்க முடியாது. அதைச் சன்டானா மட்டுமே, சாமைப் பார்த்து மட்டுமே பாட முடியும். நல்ல பாட்டென்று கதை நம்மிடம் நீட்டியதைக் காட்டிலும், மோசமான பாட்டென்று சிரிக்கச்சொன்னவை பாத்திரங்களோடு நெருக்கமாகப் பிணைந்திருந்தன என்பதை, முதல் பாட்டை எழுதி வாங்கப் போகிறவர் மனத்தில் கொள்ள வேண்டும். அதே எபிசோடில் ரேச்சல் தனியாகப் பாடும் 'கெட் இட் ரைட்' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. காதலும் போட்டியும் கலந்த உரையாடல் ஒன்றில் தோழி சொல்லிவிட்ட கடுஞ்சொற்களுக்குப் பிறகு எழுதப்பட்டதாக வருவதால், பொதுவான வரிகள்கூட அந்தக் கணத்தின் கனத்தைப் பெற்றுவிடுகின்றன.

இந்த எபிசோடின் வெற்றியில் பெரும்பங்கு, அதற்கு முன் வந்த ஒன்றரை சீசன் கடன் பாட்டுகளுக்கு உரியது. சொந்தப் பாட்டு அரிதாக இருந்ததனாலேயே அது ஒரு நிகழ்ச்சியாக உணரப்பட்டது. ஆகையால், எழுதி வாங்குவதற்குக் கையில் கொஞ்சம் பணமே உள்ளவர், அதை முதல் எபிசோடிலேயே செலவழித்துவிடுவது அறிவுடைமை ஆகாது.

இரண்டாவது வழிக்கு, ஏபிசி சேனலில் 2012 அக்டோபரில் தொடங்கி, 2016இல் கைவிடப்பட்டு, சிஎம்டி சேனலுக்கு மாறி 2018 வரை ஓடிய நாஷ்வில் நல்ல சான்று. அதன் படைப்பாளர் கேலி கூரி. முதல் சீசனின் இசைப் பொறுப்பு அவருடைய கணவர் டி-போன் பர்னெட்டிடமும், அடுத்து பட்டி மில்லரிடமும் இருந்தது. அமெரிக்கக் கன்ட்ரி இசைத்தொழிலின் மையமான நாஷ்வில் நகரத்துப் பாடகர்களையும் பாடலாசிரியர்களையும் பற்றிய கதை அது. அந்த நகரத்தில் பாடகர்கள் பிறர் எழுதிய பாட்டைக் கேட்டுத் தேர்ந்து பதிவு செய்வது அன்றாடத் தொழில்முறை. தொடரும் அதே முறையில், அந்த ஊர்ப் பாடலாசிரியர்களிடமிருந்த பாட்டுகளைத் தன் பாத்திரங்கள் எழுதியவையாக ஆக்கிக்கொண்டது. முதல் எபிசோடின் முடிவில், 1982இல் தொடங்கப்பட்ட புளூபேர்டு கஃபே என்னும் உண்மையான சிற்றரங்கில், ஸ்கார்லெட்டும் கன்னரும் இணைந்து பாடுகிற பாட்டு, பாடகரும் பாடலாசிரியருமான ஜான் பால் வைட் பங்கேற்று எழுதி, தொடருக்கு முன்பே இருந்த ஒன்று. பார்வையாளர்களில் மிகச் சிலரே அதை முன்பு கேட்டிருப்பார்கள் என்பதால், அந்த இரு இளையோரும் அப்போதுதான் கண்டெடுத்ததாகவே தோன்றுகிறது. நடிகர்கள் தாங்களே பாடியதால், பின்னாளில் மேடைக் கச்சேரிகளுக்கும் அவர்களால் போக முடிந்தது.

பாத்திரம் பாட்டெழுதுகிறவராக இருந்தால் இந்த வழியை விஞ்ச வேறெதுவும் இல்லை என்றே கருதுகிறேன். பல கைகளிலிருந்து வருவதால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வேறுவேறு குரல் வாய்க்கிறது. பாட்டு முன்பே தயாராக இருப்பதால் காலநெருக்கடியும் குறைவு. தேவைப்படுவது தேர்ந்த காது ஒன்றுதான். குறை என்னவென்றால், கதையின் திருப்பம் பாட்டுக்குள்ளேயே நிகழ்வது அரிது. பாட்டு மனநிலையைச் சொல்லும்; அடுத்து நடக்கப்போவதை வசனந்தான் சொல்ல வேண்டும்.

என்பிசியில் 2012 பிப்ரவரி 6 அன்று தொடங்கிய ஸ்மாஷ் மூன்றாவது வழியைத் தேர்ந்தது. மர்லின் மன்றோவைப் பற்றிய 'பாம்ஷெல்' என்ற கற்பனை மேடை நாடகத்தை உருவாக்குகிறவர்களின் கதை என்பதால், மேடையில் அனுபவம் மிக்க மார்க் ஷைமன், ஸ்காட் விட்மன் இணையிடம் பாட்டுகள் ஒப்படைக்கப்பட்டன. முதல் எபிசோடின் வடிவமே கவனித்துப் படிக்கத்தக்கது. கேரன் என்னும் இளம்பெண் குரல்தேர்வுகளில் ஊரறிந்த பாட்டுகளைப் பாடிக்காட்டுகிறாள். எபிசோடு முடியும்போதோ, ஒரே வாய்ப்புக்காகக் கிளம்பும் அவளும் அனுபவசாலியான ஐவியும், நகரத்தின் இருவேறு இடங்களிலிருந்து, 'லெட் மீ பி யுவர் ஸ்டார்' என்ற புதுப்பாட்டின் வரிகளைப் பங்கிட்டுப் பாடுகிறார்கள். மர்லினின் ஏக்கம், இந்த இருவரின் ஏக்கம், தொடரின் மையப் போட்டி ஆகிய மூன்றையும் ஒரே பல்லவி தாங்குகிறது. எம்மி, கிராமி ஆகிய இரண்டு விருதுகளுக்கும் அது பரிந்துரைக்கப்பட்டது. கதைக்கென்று எழுதிய பாட்டு என்ன செய்ய முடியும் என்று எவரேனும் கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்த நான்கு நிமிடங்களைத்தான்.

அந்த உயரத்தை இரண்டு சீசன்களிலும் தொடர்ந்து எட்ட முடியாமல் போனதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல, அமைப்புதான் காரணம். பாட்டுகள் மர்லினின் வாழ்க்கையைச் சொல்ல எழுதப்பட்டவை. கேரனும் ஐவியும் அவற்றைப் பாடும்போது, அவர்களுடைய வாழ்க்கையும் அதே நிலையில் இருக்கும்படி வாராவாரம் கதையை ஒட்டவைக்க வேண்டியிருந்தது. இரண்டாம் சீசனில் 'ஹிட் லிஸ்ட்' என்ற இன்னொரு நாடகம் சேர்க்கப்பட்டு, அதன் பாட்டுகளை ஒரே இளம் மேதை எழுதியதாகக் கதை சொன்னது. உண்மையில் அவை ஜோ ஐகோனிஸ், பாசெக்–பால் இணை எனப் பலரிடமிருந்து வந்தவை. தனித்தனியே கேட்டால் நல்ல பாட்டுகள்தாம் என்றாலும், அவற்றை ஒரே மனத்தின் வெளிப்பாடாக ஏற்பது கடினம். நாஷ்விலுக்கு வலிமை சேர்த்த பன்மை இங்கே பலவீனமாயிற்று. தொடர் 32 எபிசோடுகளோடு 2013இல் நின்றது. பாட்டுகளின் ஆயுள் அதைவிட நீளம்: 2015 ஜூனில் மின்ஸ்காஃப் அரங்கில் ஒரு கச்சேரியாகவும், 2025இல் பிராட்வேயில் முழு நாடகமாகவும் அவை திரும்பி வந்தன. முதலீட்டாளரிடம் பேசும்போது இது பயன்படக்கூடிய செய்தி.

நான்காவது வழிக்கு வருவோம். தி சிடபிள்யூ சேனலில் 2015 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை வந்த கிரேஸி எக்ஸ்-கேர்ள்ஃபிரெண்ட், பார்வையாளர் எண்ணிக்கையில் எப்போதும் பின்தங்கியே இருந்த தொடர். ஆனாலும் நான்கு சீசன்களில் 157 பாட்டுகளைச் சொந்தமாகவே உண்டாக்கியது. தொடரின் படைப்பாளர்களில் ஒருவரும் கதாநாயகியுமான ரேச்சல் புளூம், ஃபவுண்டன்ஸ் ஆஃப் வேய்ன் இசைக்குழுவின் ஆடம் ஷ்லெசிங்கர், ஜாக் டால்ஜன் ஆகிய மூவரும் அவற்றை எழுதினார்கள். நியூயார்க்கில் வழக்கறிஞராக இருந்த ரெபெக்கா, பழைய காதலனைத் தேடிக் கலிஃபோர்னியாவின் வெஸ்ட் கோவினா என்னும் சாதாரண ஊருக்குக் குடிபெயர்கிறாள். பாட்டுகள் அவள் மனத்தில் ஓடுபவை. தனக்குத் தானே பொய் சொல்லிக்கொள்கிற ஒருத்தி, அந்தப் பொய்க்கு எந்த இசைவகை ஒத்துவருமோ அதைப் பூட்டிக்கொள்கிறாள் என்பதே தொடரின் அடிப்படை உத்தி.

இந்த வழியின் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. ஓர் இசைவகையை எடுத்துக்கொண்டு, அதன்மேல் ஒரே ஒரு நகைச்சுவையை ஏற்றி, மூன்று நிமிடம் ஓட்டிவிடும் பாட்டுகள் அந்த 157இல் குறைவல்ல; சரணம் இரண்டுக்கு வரும்போது சிரிப்பு தீர்ந்திருக்கும். ஆனால் மூன்றாம் சீசனில் வரும் 'எ டயக்னோசிஸ்' பாட்டைப் பாருங்கள். தற்கொலை முயற்சியிலிருந்து பிழைத்த ரெபெக்கா, தனக்கு வந்திருப்பது என்ன நோய் என்று மருத்துவர் புதிதாகச் சொல்லப்போகிறார் என்பதை, அஞ்சாமல், ஆவலோடு எதிர்பார்க்கிறாள். இசை நாடகங்களில் நாயகி தன் கனவைச் சொல்லும் பாட்டின் முழு எழுச்சியோடு, நோயின் பெயர் தனக்கு ஓர் அடையாளத்தையும் கூட்டத்தையும் தரும் என்று பாடுகிறாள். அதன்பிறகு அவள் கேட்கும் பெயர் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்பது. இப்படியொரு பாட்டு எந்தப் பாடலாசிரியரின் கையிருப்பிலும் கிடைக்காது. கதையின் போக்கை வெளியிலிருந்து கேட்டறிந்த ஒருவரிடமிருந்தும் எளிதில் வராது. மனச்சோர்வு மருந்து உண்பது ஊரெல்லாம் செய்கிற காரியந்தான் என்று சொல்லும் நான்காம் சீசன் பாட்டு, மூவருக்கும் 2019இல் எம்மி விருதைப் பெற்றுத் தந்தது.

அதைவிட முக்கியமான வரவு, பாட்டு திரும்ப வரக்கூடும் என்பது. சொந்தப் பாட்டாக இருந்தால், பத்து எபிசோடு கழித்து அதே மெட்டை வேறு சொற்களோடு, வேறு பாத்திரத்தின் வாயில், வேறு வேகத்தில் கொண்டுவந்து, நடந்த மாற்றத்தை ஒரு வசனமும் இல்லாமல் உணர்த்தலாம். இந்தத் தொடரின் கடைசி எபிசோடில், முந்தைய சீசன்களின் பாட்டுகள் துண்டுதுண்டாகத் திரும்பிவந்து ஒரே பாட்டாகக் கோக்கப்படுகின்றன. நான்கு ஆண்டுகள் சேர்த்த முதலை அங்கே வட்டியோடு எடுக்கிறார்கள். கடன் பாட்டில் இதைச் செய்யப்போனால், சொற்களை மாற்ற உரிமையாளரின் இசைவு வேண்டும். கிடைத்தாலும், கேட்பவர் மனத்தில் மூலப் பாடகரின் குரல் குறுக்கிடும்.

நிரந்தர அறைக்கு வசதியில்லாதவர், ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பெண்ணின் கதையான பஃபி தொடரின் 2001 நவம்பர் 6 எபிசோடைப் பார்க்கலாம். இசைத் தொடரே அல்லாத ஒன்றில், படைப்பாளரான ஜாஸ் வீடன் ஒரே ஒரு எபிசோடுக்கான பாட்டுகளையெல்லாம் தாமே எழுதினார். ஊராரைப் பாடவைக்கும் ஒரு பேய், பாடுகிறபோது அவரவர் மறைத்துவைத்ததைக் கொட்டிவிடச் செய்கிறது; நாயகி நெடுநாள் ஒளித்த உண்மையும் பாட்டிலேயே வெளிப்படுகிறது. மெட்டுகள் ஒப்பற்றவை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏன் பாடுகிறார்கள் என்ற கேள்விக்கு இவ்வளவு இறுக்கமான விடை சொன்ன படைப்புகள் குறைவு. இதற்கு நேர்மாறு, 1990இல் ஏபிசியில் வந்து 11 எபிசோடுகளில் முடிந்துபோன காப் ராக். அதற்காக ராண்டி நியூமன் எழுதிய பாட்டு எம்மி வென்றது. நீதிமன்றத்தில் நடுவர் குழு தேவாலயச் சேர்ந்திசைபோல எழுந்து குற்றவாளி என்று பாடும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. நிஜத்தன்மை மிக்க காவல்துறைக் கதைக்குள் அவர்கள் ஏன் பாடுகிறார்கள் என்பதைத் தொடர் தீர்மானிக்காததால், விருது பெற்ற பாட்டாலும் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

உரிமம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிறர் பாட்டைப் படத்தோடு இணைப்பதற்குப் பாட்டின் உரிமையாளரிடம் ஓர் உரிமமும், மூல ஒலிப்பதிவையே பயன்படுத்தினால் பதிவு நிறுவனத்திடம் இன்னொன்றும் வேண்டும். நடிகர்களே புதிதாகப் பாடினால் இரண்டாவது தேவையில்லை. ஆனால் உரிமம் எத்தனை ஆண்டுக்கு, எந்த நாடுகளுக்கு, எந்த ஊடகத்துக்கு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். 1978 முதல் 1982 வரை வந்த டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி என்னும் வானொலி நிலையக் கதைத் தொடர், பின்னாளில் மறுவெளியீடுகளில் தன் பாட்டுகள் பலவற்றை இழந்து வேறு இசையோடு வர நேர்ந்தது, பழைய உரிமங்கள் புதிய ஊடகங்களை உள்ளடக்காததனாலேயே. எழுதி வாங்கும் பாட்டில் இந்தத் தொல்லை இல்லை.

அதற்குரிய விலை, காலம். ஆட்டத்தோடு கூடிய பாட்டைப் பெரும்பாலும் முன்பே பதிவு செய்து, படப்பிடிப்பில் அதற்கு வாயசைப்பார்கள். எனவே படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்பே பாட்டு முடிந்திருக்க வேண்டும். தமிழ்த் திரையில் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. இயக்குநர் சூழலைச் சொல்ல, மெட்டு பிறந்து, அதற்குச் சொற்கள் வந்து, அதன்பின் படமாக்குவதே நம் வழக்கம். ஆனால் சூழலை மட்டும் சொன்னால் இங்கே போதாது. பாட்டு தொடங்கும்போது பாத்திரத்துக்குத் தெரியாத எது, முடியும்போது தெரிந்திருக்கிறது என்பதையும் பாடலாசிரியரிடம் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல முடியவில்லையென்றால், அந்த இடத்துக்குக் கடன் பாட்டே போதும்.

ஆகவே என் தேர்வு இப்படி அமையும். பாத்திரங்கள் போட்டிக்கோ விழாவுக்கோ பாடுகிறவர்கள் என்றால், பெரும்பகுதியைக் கடன் பாட்டுகளுக்கு விட்டுவிட்டு, சீசனின் பிற்பாதியில் ஒன்றிரண்டை மட்டும் எழுதி வாங்குவேன். அவற்றையும் வெற்றிப் பாட்டுக்குப் பெயர்பெற்றவர்களிடம் தராமல், பாத்திரத்தின் அசட்டுத்தனம்வரை அறிந்தவர்களிடம் தருவேன். பாட்டெழுதிகளின் கதையென்றால் நாஷ்வில் வழி. நாடகத்துக்குள் நாடகம் என்ற அமைப்பை, ஓர் இணை முழுத் தொடருக்கும் கிடைப்பது உறுதியானாலன்றி எடுக்கமாட்டேன். மனத்துக்குள் ஒலிக்கும் பாட்டென்றால், பாட்டெழுதுகிறவருக்கு முதல் நாளிலிருந்தே கதை அறையில் ஓர் இருக்கை வேண்டும். அவருடைய ஒப்பந்தத்தில், எழுதப்போகும் பாட்டுக்கு மட்டுமல்லாமல், பிற்பாடு அது மாற்றுச் சொற்களோடு திரும்பிவரும் வடிவங்களுக்கும் சேர்த்தே ஊதியம் குறிக்கப்பட வேண்டும்.